பெரியவர் பாகத்தில் இடமில்லை

மூன்று அண்ணன் தம்பிகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரித்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சிவாஜிநகரில் ஒரு குடும்ப அச்சகத்துக்குள் கால் வைத்தவர்கள் மட்டும் உடனே நம்புகிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு டிப்ளமோவையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் பையையும் வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது என் பிழைப்பு. விசிட்டிங் கார்டில் சிஸ்டம் இன்ஜினியர் என்று போட்டுக்கொண்டிருந்தேன். போன இடத்திலெல்லாம் மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். சி.பி.யு. சூடாக இருக்கிறது என்று அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டு வைத்தார் ஒருவர். வைரஸ் வந்திருக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, குழந்தை இருக்கிற வீடு என்பதால் மூன்று நாள் லீவு போட்ட குமாஸ்தா ஒருவரும் இருந்தார். என்னைத் தவிர எல்லாரும் மடையர்கள் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. இப்போதும் பெரிய சந்தேகமில்லை. அந்தக் கணக்கிலிருந்து என்னைத் தள்ளி வைத்துக்கொண்டதுதான் தப்பு.

அச்சகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கு நடுவில் ஒரு மாடியில் இருந்தது. அந்தச் சகோதரர்களின் அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு மூன்று மகன்களும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்றால், ஒரே கூரைக்குக் கீழே மூன்று மேஜை போட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். வேலை செய்கிறவர்கள் அவர்களைப் பெரியவர், நடு அண்ணன், சின்னவர் என்று சொல்வார்கள். பெரியவர் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் மாதிரி பழைய வாடிக்கையைப் பார்ப்பார். நடு அண்ணன் பில் புத்தகங்களைப் பார்ப்பார். சின்னவர் கலர் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கேம் விளையாடுவார்.

மூவரும் சேர்ந்து ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதில் இரண்டு ஜிபி சொச்சத்துக்கு ஒரு டிஸ்க். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் அதைப் பொருத்திக்கொடுத்தவனிடம், வேறு எதைப் பற்றியும் கேட்காமல், மூணு சம பாகமாப் போட்டுக்கொடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவனும் யோசிக்காமல் போட்டுக்கொடுத்துவிட்டான். சி டிரைவ் பெரியவருக்கு, டி நடு அண்ணனுக்கு, இ சின்னவருக்கு. ஆளுக்கு எழுநூறு எம்பி. அப்பாவின் வீட்டைப் பிரித்த அதே அளவு நாடாவால் டிஸ்க்கையும் அளந்துவிட்டார்கள்.

இதில் பெரியவருக்கு ஒரு தீராத மனக்குறை. கம்ப்யூட்டரையே ஓட்டுகிற ஓ.எஸ். அவருடைய பாகத்தில் உட்கார்ந்திருந்தது. பேஜ் போடுகிற மென்பொருளும் அங்கேதான். இரண்டும் சேர்ந்து அவருடைய எழுநூறில் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தன.

"எல்லாருக்கும் பொதுவா இருக்குறது என் பங்குல இன்னாத்துக்கு சார் குந்திகினு கீது?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டார். "அதையும் மூணாப் பிரிச்சுப் போட முடியாதா?"

முடியாது என்றேன். தம்பிகளிடம் ஏதாவது வாங்கிக்கொண்டு அப்படிச் சொல்கிறேனோ என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்றைக்கு ரூமுக்குத் திரும்பி இதை நண்பர்களிடம் நடித்துக்காட்டினேன். ரொம்ப நாளைக்கு அதுதான் எங்கள் ரூமில் ஹாஸ்யம்.

அந்தக் கம்ப்யூட்டரில் உண்மையில் வேலை செய்தது ஒரே ஒரு ஆள். ஈஜிபுராவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். ஈய எழுத்துக் கோக்கும் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கீபோர்டுக்கு மாறியவர். தமிழ், கன்னடம் இரண்டும் அடிப்பார். ஒன்பது வருடமாக ஊரில் உள்ளவர்களின் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தாய்மாமன் பெயர் எல்லாம் அடித்தவர். அவருடைய பெயர் எதிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. என்னைவிட பத்து வயது மூத்தவர் என்னை சார் என்று கூப்பிட்டார். நான் அவரை இந்தாம்மா என்று கூப்பிட்டேன்.

அவர் மேலும் எனக்கு இளக்காரம்தான். கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன் ஒரு முறை திரையைத் தொட்டுக் கும்பிடுவார். எந்த வேலையையும் பழைய அச்சக வழக்கப்படிதான் செய்வார். அந்த அச்சகத்தில் அப்பா காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பழுப்புக் கவர். கவரின் மேல் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம். கல்யாணம் என்றால் வெட். விசிட்டிங் கார்டு என்றால் விஸ். கோயில் வேலை என்றால் டெம்பிள் என்பதைச் சுருக்கி டெம்ப். நான் டீக்குக் காத்துக்கொண்டு உட்காரும் ஸ்டூலுக்கு நேர் எதிரே அந்தக் கவர்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். எத்தனையோ முறை அவற்றைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

அந்த வருடம் அக்காவிடம் ஒரு கோயில் வேலை வந்தது. அடுகோடிப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில். அவருடைய பிறந்த வீட்டுத் தெருவே அந்தக் கோயிலை ஒட்டித்தான். கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர் போட வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். கட்டுரைகளைக் கையெழுத்தில் கொடுத்தார்கள். அதோடு, ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அந்தத் தெருப் பெண்கள் பாடுகிற பாட்டுகளையும் சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று அக்காவே யோசனை சொன்னார். யார் எழுதித் தருவார்கள் என்று கமிட்டி கேட்டது. நானே சேர்த்துத் தருகிறேன் என்றார். அப்படியானால் முதல் பக்கத்தில் தொகுப்பு என்று உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறோம் என்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த மனுஷியைப் பிடிக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார். அந்த அம்மா மெஷின் சத்தத்துக்கு நடுவே தாழ்ந்த குரலில் பாடுவார். இவர் கேட்டுக்கேட்டு நேராகக் கீபோர்டில் அடிப்பார். காகிதமே கிடையாது. "எழுதி அப்பறம் அடிச்சா ரெண்டு வேல சார்," என்றார் என்னிடம். இருபத்து மூன்று பாட்டு. இரண்டு மாதம் பிடித்தது. நடுவில் நான் ஒரு நாள் போயிருந்தபோது, தன் பெயர் வரப்போகும் அந்த முதல் பக்கத்தைத் திரையில் காட்டினார். எழுத்தின் அளவைச் சின்னதாகவே வைத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வெக்கலாமா சார்? ஓவரா இருக்குமா?"

எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அப்போது இன்னொன்றும் கேட்டார். "இது போச்சுன்னா என்கிட்ட வேற இல்ல சார். படம் எல்லாம் சேர்ந்து கெனமா கீது, ஃப்ளாப்பில புடிக்கல. டி-ல ஒரு காப்பி போட நடு அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

சொன்னேன், சொல்லாமல் இல்லை. டி டிரைவில் அறுநூறு எம்பிக்கு மேல் சும்மா கிடந்தது. நடு அண்ணனின் பில் புத்தகங்கள் அத்தனையும் அறுபது எம்பியைத் தாண்டாது. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அதெல்லாம் பேடவே பேடா, வேணாம். இன்னிக்கு ஒரு கோயில் வரும், நாளைக்கு அண்ணன் கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரும். உட்டா அப்பறம் காலி பண்ண மாட்டாங்க."

காலி டிஸ்க்கில் குடக்கூலிக்காரன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று பயந்த ஒரு மனிதரோடு என்ன பேசுவது? அக்காவிடம் திரும்பி, ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு வாரத்தில் சின்னவர் ஒரு கலர் ஸ்கேனர் வாங்கிக்கொண்டு வந்தார். புதிய ஓ.எஸ். இருந்தால்தான் அது வேலை செய்யும். சிடியையும் அவரே எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். ஏற்றிக்கொடுங்கள் என்றார்கள். அது ஏற வேண்டுமானால் சி டிரைவில் சுமார் முந்நூறு எம்பி காலியாக இருக்க வேண்டும். இருந்தது நூற்றுச் சொச்சம்.

நான் மூவரையும் உட்காரவைத்து நிதானமாக விளக்கினேன். ஒன்று, எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, சி-யைப் பெரிதாக்கித் திரும்பப் பிரிக்கலாம். பெரியவருக்குப் பெரிய பாகமா என்று தம்பிகள் இருவரும் எழுந்துவிட்டார்கள். இல்லையென்றால், பெரியவரின் வேலைகளை டி-க்கு மாற்றலாம். "அண்ணன் ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க நான் என் ஊட்டக் காலி பண்ணணுமா?" என்றார் நடு அண்ணன். சின்னவரின் இ-யில் கேம்களும் பாட்டுகளும் நிரம்பி வழிந்தன. அதில் ஒன்றைக்கூட அழிக்க மாட்டேன் என்றார் அவர். ஸ்கேனர் அவருடையது, ஆனால் இடம் அண்ணன் தர வேண்டும்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "என் பாகத்துல குப்ப எதுனா கீதா பாருங்க சார். இருந்தா தள்ளிட்டு ஏத்துங்க. ஞாயித்துக்கெழம வாங்க, யாரும் இருக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கீழே கறிக்கடைகளில் கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. மாடியில் பெரியவர் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைக்குப் போய் சி டிரைவைத் துழாவினேன். பழைய தற்காலிகக் கோப்புகள், இன்ஸ்டால் செய்தவை விட்டுப்போன மிச்சங்கள், ஒன்றுக்கு மூன்றாக ஃபாண்ட்கள். எல்லாவற்றையும் தள்ளியும் இன்னும் முப்பது எம்பி தேவைப்பட்டது. அப்போது சி-யின் முதல் படியிலேயே டெம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. தொழில் தெரிந்த எவனுக்கும் டெம்ப் என்றால் ஒன்றுதான். மென்பொருள்கள் தற்காலிகமாகக் கொட்டிவிட்டுப் போகிற குப்பைத்தொட்டி. இடம் வேண்டுமென்றால் முதலில் கை வைக்கிற இடம். டெல்ட்ரீ என்று ஒரு கட்டளை உண்டு. ஃபோல்டரை வேரோடு பிடுங்கிவிடும், ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. நிச்சயமாகவா என்று ஒரு முறை கேட்கும், ஆமாம் என்றால் ஒய் அடிக்க வேண்டும். ஒய் அடித்தேன். நாற்பத்தெட்டு எம்பி கிடைத்தது.

அதன் பிறகு சிடியைப் போட்டேன். புதிய ஓ.எஸ். நீலத் திரையில் தன்னைப் பற்றியே பெருமை அடித்துக்கொண்டு ஏறியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பெரியவர் டீ வாங்கிக்கொடுத்தார். தம்பிகளின் உதவி இல்லாமல் தன் பாகத்திலேயே சமாளித்துவிட்டதில் அவருக்கு மகா திருப்தி.

திங்கட்கிழமை பத்து மணிக்கு என் பேஜர் அடித்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அச்சகத்துக்குப் பேசினேன். பெரியவர்தான் எடுத்தார். "கோயில் வேல காணலியாம் சார். அது அழுவுது."

போனேன். அக்கா அழுது முடித்திருந்தார். திரையில் வெட் இருந்தது, விஸ் இருந்தது. டெம்ப் இல்லை. ஆணியில் டெம்ப் என்ற சிவப்பு எழுத்தோடு பழுப்புக் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, கையெழுத்துக் காகிதங்கள் கமிட்டிக்குத் திரும்பப் போயிருந்தன. என் பையில் அழிந்த கோப்பை மீட்கிற ஃப்ளாப்பி ஒன்று இருந்தது. பேருக்கு அதைப் போட்டு ஓட்டினேன். ஒன்றும் வராது என்று தெரியும். அழித்த இடம் அப்படியே சும்மா கிடந்திருந்தால் மீட்டிருக்கலாம். நான்தான் அந்த இடத்தின் மேலேயே புதிய ஓ.எஸ்.ஸை ஏற்றி உட்காரவைத்திருந்தேனே. மலர் இருந்த இடத்தில் கர்சர் படங்களும் திரையில் பறக்கும் ஜன்னல்களும் இருந்திருக்கும்.

மூன்று சகோதரர்களும் அன்று முதல் முறையாக ஒரே மேஜையைச் சுற்றி நின்றார்கள். தப்பு யாருடையது என்று முடிவு செய்ய வேண்டுமே. நான் வாய் திறந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் குரல் எனக்குக் காதில் கேட்கிறது, அவ்வளவு நிதானமான, படித்த குரல்.

"சார், டெம்ப்னா உலகம் பூரா டெம்பரரின்னுதான் அர்த்தம். அதுல முக்கியமான வேலையைக் கொண்டுபோய் வெச்சா எந்த இன்ஜினியரும் அழிக்கத்தான் செய்வான். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"எங்க கவர்ல அப்படித்தான எழுதுவோம்," என்றார் அக்கா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"கவர் வேற, கம்ப்யூட்டர் வேறம்மா," என்றேன்.

அந்தச் சுருக்கத்தைக் கண்டுபிடித்ததே அவர்களுடைய அப்பா. மூன்று மகன்களில் ஒருவருக்காவது அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்திருக்கும். ஆனால் என்னைக் குறை சொன்னால் என்னைக் கூப்பிட்ட பெரியவரையும் சொல்ல வேண்டும், இடம் தராத நடு அண்ணனையும் சொல்ல வேண்டும், ஸ்கேனர் வாங்கிய சின்னவரையும் சொல்ல வேண்டும். நான் கொடுத்த விளக்கம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. மூவரும் தலையை ஆட்டினார்கள். பாகம் பிரித்த நாளுக்குப் பிறகு அவர்கள் ஒன்றாகத் தலையாட்டியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கும்பாபிஷேகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கமிட்டிக்காரர்கள் பெரியவரிடம் சத்தம் போட்டுவிட்டு, தங்களிடம் இருந்த கையெழுத்துக் காகிதங்களோடு வேறு அச்சகத்துக்குப் போனார்கள். மலர் குறித்த நாளில் வந்தது. ஒல்லியாக. பாட்டுகள் இல்லை. தொகுப்பு என்று ஒரு வரியும் இல்லை. பழைய வாடிக்கை ஒன்று போய்விட்ட கோபத்தில் பெரியவர் அந்த மாதக் கடைசியோடு அக்காவை நிறுத்திவிட்டார். சிஸ்டம் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என்னிடமே சொன்னார்.

அக்காவின் கடைசி நாளன்று நான் அங்கே இருந்தேன், ஸ்கேனரைப் பொருத்துவதற்காக. அக்கா டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, திரையைத் தொட்டுக் கும்பிடாமல் எழுந்தார். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இல்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான். சார் என்று கூப்பிடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"அழிக்கறதுக்கு முன்னாடி உள்ள இன்னா கீதுன்னு ஒரு தபா தொறந்து பாத்தியாப்பா?"

"இல்லக்கா," என்றேன். அவரை அக்கா என்று நான் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். "பாத்திருந்தா அழிச்சிருப்பேனா?"

"அதான் நானும் நெனச்சேன்," என்றார். அந்தப் பதிலில் அவருக்கு ஏதோ ஆறுதல் கிடைத்த மாதிரி இருந்தது. படியிறங்கிப் போய்விட்டார்.

பிறகு நான் ஓசூர் ரோடில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தேன். சர்வர்களுக்கு இடம் பிரித்துக் கொடுப்பதும், அப்டேட்டுக்கு முன் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் வேலை. அங்கேயும் மூன்று டிபார்ட்மென்ட்கள், காலி டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தர மாட்டேன் என்று மெயில் போட்டுக்கொண்டிருந்தன. டை கட்டிய நடு அண்ணன்கள். அவர்களைப் பற்றி நண்பர்களிடம் கிண்டலடிக்கும்போதெல்லாம் அச்சகக் கதையையும் சொல்வேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாகம் பிரித்த வரைக்கும்தான் சொல்வேன்.

மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, டெல்ட்ரீ அடிப்பதற்கு முன்னால் டிர் என்று அடித்தேன். ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடும் கட்டளை அது. பட்டியல் ஓடியது. அம்மன் ஒன்று, அம்மன் இரண்டு, கமிட்டி, கோபுரம், பிறகு பாட்டு ஒன்றிலிருந்து பாட்டு இருபத்து மூன்று வரை, கடைசியில் முதல் பக்கம். எல்லாம் தங்கிலீஷில், அவருடைய எழுத்துப்பிழைகளோடு. நான் எல்லாவற்றையும் படித்தேன். எதிரே ஆணியில் கவரும் தொங்கியது. குப்பைத்தொட்டியில் சாமான் வைக்கிறவர்களுக்கு ஒரு தடவை பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். பெரியவர் பேப்பரைத் திருப்பினார். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஒய் அடித்தேன்.